வாய்க்காலில் இலை போட்டவன்

உட்கார்ந்து சாப்பிடுகிறவர் முன்னால் நின்றுகொண்டே சிரிக்கத் தெரிந்தவர்தான் பரிமாறும் தொழிலில் நீடிக்க முடியும். எனக்கு நிற்கத் தெரியும். நாற்பது வருஷம் கொடி பிடித்து நின்றவன். சிரிப்புதான் வருவதில்லை. மெஸ், ஓட்டல், கல்யாணப் பந்தி என்று எங்கேயாவது வாளி தூக்கிப் பிழைப்பவர் யாராவது இதைப் படித்தால், என் பாடு அவருக்கு விளக்காமலே விளங்கும்.

நான் ஏற்றிவிட்டவர்கள்

உத்திரமேரூரிலிருந்து சற்றுத் தள்ளி, நெல் வயலுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஓட்டல். கூரை கிடையாது, மாமர நிழல்தான். கிணற்றிலிருந்து மோட்டார் இறைக்கும் தண்ணீர் வயலுக்குப் போகிற வாய்க்காலை அகலப்படுத்தி, அதற்குள்ளேயே கடப்பைக் கல் மேஜைகளும் உட்காரத் திட்டுகளும் கட்டியிருக்கிறார்கள். ஓடுகிற தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு மீன் குழம்பு சாப்பிடலாம். சின்னச் சின்னக் கெண்டைகள் வந்து கால் விரலைக் கொத்தும். இதற்காகச் சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

முதலாளி பாலாஜியின் தாத்தா காலத்தில், இந்த நிலத்துக்கு நடவுக்கும் அறுப்புக்கும் வந்த எங்கள் ஜனமும் இதே வாய்க்காலில்தான் சாப்பிட்டது. பம்புசெட் கொட்டகையின் நிழலில் எங்களுக்கு இடமில்லை. மோட்டாரை நிறுத்தியதும் வாய்க்காலுக்குள் இறங்கி, சேற்றில் குந்திக் கூழ் குடிக்க வேண்டும். என் முதல் துண்டறிக்கையே அதை எதிர்த்துத்தான். ‘வாய்க்காலில் உட்காரமாட்டோம்’ என்று தலைப்பு. அறுப்பை நிறுத்தினோம். அடி வாங்கினேன். கடைசியில் கொட்டகை நிழலில் பாதி கிடைத்தது, அதுவும் வெயில் காலத்துக்கு மட்டும்.

இன்று அந்தக் கொட்டகைதான் சமையலறை. என் மனைவி சரோஜா அங்கே சமைக்கிறாள். முட்டி தேய்ந்து வயல் வேலைக்குப் போக முடியாமல் ஆனபின் அவளுக்கு வாய்த்த ஒரே வேலை இது. பாலாஜிக்கு அவள் கைக்குழம்பு போதும். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் நான் நாட்டைத் திட்டியே ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்வேன் என்று, என்னையும் சேர்க்கச் சொன்னவள் அவள்தான். பாலாஜி ஒரே நிபந்தனை போட்டார். வந்தவர்களிடம் நான் பிரசங்கம் செய்தால் இரண்டு பேரும் கிளம்ப வேண்டும். அவளுக்கு அந்த அடுப்பு வேண்டும். ஆகவே என் வாய்க்கு நானே தடையுத்தரவு போட்டுக்கொண்டேன். முதல் நாள் எனக்கு ஏப்ரன் கட்டிவிட்டபோது சரோஜா சொன்னாள்: “வாய்க்காலுலேர்ந்து ஜனத்த ஏத்தி வுட்டவன் நீ. இப்ப அவங்களே ஆசப்பட்டு எறங்கி குந்திக்கினு கீறாங்க. கம்முனு சாம்பார ஊத்து.”

மும்முனை மின்சாரம்

எங்கள் ஓட்டலில் ஆறு ஓடுவது மின்வாரியத்தின் கையில் இருக்கிறது. மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டார் ஓடும். மோட்டார் ஓடினால் தண்ணீர். ஒரு நாள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் பிள்ளைகள் எட்டுப் பேர் வந்தார்கள். காலை ஆட்டி, தண்ணீரைத் தெறிக்கவிட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் வடிந்து, எட்டு ஜோடிக் கால்களும் பாசி பிடித்த தரையில் நின்றன. கெண்டைகள் பள்ளத்தில் ஒதுங்கித் துடித்தன. நான் வாளியோடு ஓடி மீன்களைக் காப்பாற்றினேன். பாட்டாளிகளைக் காப்பாற்றக் கிளம்பியவன் கடைசியில் கெண்டைகளுக்குத்தான் பயன்பட்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் ரொம்ப மரியாதையாகக் கூப்பிட்டது. “அங்கிள், வீடியோ பாதியில நிக்குது. கரண்ட் ஆபீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்கல்ல?” இருக்கிறார்கள். அந்த ஆபீஸ் வாசலில் நான் எத்தனை முறை முற்றுகைக்கு உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தெரியாத ஊழியர் அங்கே கிடையாது. போன் செய்தேன். நான் பெயரைச் சொன்னதும் எதிர்முனையிலிருந்து வந்த பதிலை அந்தப் பெண்ணும் கேட்டுவிட்டது: “இன்னாங்க தலைவரே, ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்களே, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?”

கண்டன அறிவிப்பு

வாய்க்காலில் எச்சில் இலையைப் போடாதீர்கள், மீனை மிதிக்காதீர்கள் என்று ஒரு போர்டு எழுத வேண்டும் என்றார் பாலாஜி. “தலைவரே, எழுதறது ஒங்க லைன் ஆச்சே.” என்னைத் தலைவர் என்று அவர் கூப்பிடுவது கிண்டலா, மரியாதையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். நான் படித்த பள்ளிக்கூடமே துண்டறிக்கைதான். ஐந்தாவதுக்கு மேல் எனக்கு வாத்தியார் அச்சாபீஸ். அதனால் எதை எழுதினாலும் அப்படித்தான் வருகிறது.

‘மீன்களை மிதிக்கும் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம். எச்சில் இலையை ஓடும் நீரில் வீசுவதை உடனே கைவிடுக. கால் கழுவாமல் இறங்குவோரைப் பொதுமக்களே அடையாளம் காண்பீர். இவண், நிர்வாகம்.’ சிவப்பு மையில் எழுதி மாமரத்தில் கட்டினேன். ஏனாத்தூர் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு வாத்தியார் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரை நின்று படித்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: “ஐயா, நேரா சாப்பிட உட்காரலாமா, இல்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உட்காரணுமா?”

கடையடைப்பு

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், காஞ்சிபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் தம்பிமாரோடு வந்தார். நான் இலை போடப் போட, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு பெருமை எழுந்ததை ஒப்புக்கொள்கிறேன். என்னோடு பசை வாளி தூக்கி நோட்டீஸ் ஒட்டியவர்கள்கூட இங்கே காரில் வந்து, என்னைத் தெரியாத மாதிரி ரசம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இவராவது அடையாளம் கண்டுகொண்டாரே என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

“நீங்கதானே பந்த்துன்னா கூட்டத்தோட வந்து என் கடை ஷட்டர எறக்கச் சொல்லுவீங்க?” என்றார். ஆமாம் என்றேன். “ஒரு தபா நான் லேட் பண்ணேன்னு கடைவாசல்ல நின்னு அர மணி நேரம் பேசினீங்க. செம பேஜாரு.” நான் மன்னிப்புக் கேட்கலாமா, கொள்கையை விளக்கலாமா என்று யோசிப்பதற்குள், அவர் சோற்றில் குழி செய்து என் கையிலிருந்த குழம்பு வாளியைக் காட்டினார். “சரி, ஊத்துங்க. எனக்கு ஒரு சந்தேகம்தான். இங்க ஷட்டரே இல்லியே, நாளைக்கு பந்த் வந்தா இத எப்டி மூடுவீங்க?”

கொட்டகையில் ஓர் இலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா மேஜையும் நிறைந்திருந்தது. பெரிய வண்டியில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. ஒன்பது பேர்; பத்து பேர் உட்காரும் மேஜை. வண்டி ஓட்டி வந்தவர் கரையிலேயே நின்றார். குடும்பத் தலைவர் என்னிடம், “டிரைவருக்கு அந்தக் கொட்டாயில ஒரு இலை போட்டுருங்க” என்றார். எந்தக் கொட்டகை நிழலுக்காக அடி வாங்கினேனோ, அதுவே இப்போது ஒருவரை ஒதுக்கி வைக்கும் இடமாகிவிட்டது. பத்தாவது திட்டு காலியாக இருந்தது. என் தடையுத்தரவை நானே மீறினேன்.

நன்றாகவே பேசினேன். அக்கம்பக்கத்து மேஜைகள் கையை இலையில் வைத்தபடி கேட்டன. உழைப்பவனைத் தள்ளி உட்கார வைப்பதில் தொடங்கி, பழைய கூழ்க் கதை வரைக்கும் போய்விட்டேன். நடுவில் டிரைவர் என் தோளைத் தொட்டார். “பெரியவரே, எனக்குக் கால்ல பித்தவெடிப்பு. மீன் கொத்துனா எரியும். நான் கொட்டாயிலயே குந்திக்கிறேன். சோறு சூடா இருந்தா சரி.” யாரோ சிரித்தார்கள். குடும்பத் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. பாலாஜியைக் கூப்பிட்டு, ஒன்று இந்த ஆள் போக வேண்டும், இல்லையென்றால் நாங்கள் போகிறோம் என்றார். பாலாஜி என்னைப் பார்க்காமலே சொன்னார்: “ஏப்ரனக் கழட்டி வெச்சிட்டுக் கெளம்புங்க தலைவரே.”

கழற்றினேன். எனக்கு வேலை போனதில் வருத்தமில்லை. வேலை போய்ப் பழகியவன். சரோஜாவின் அடுப்பை அணைத்துவிட்டேனே என்றுதான் கால் நகரவில்லை. என் ஒரு கூட்டத்துக்குக்கூட வராதவள் அவள். ஊர்வலம் போகும்போது வாசலில் நின்று பார்த்துவிட்டு, உலை வைக்க உள்ளே போய்விடுவாள். இப்போது அவள் கொதிக்கிற குழம்பிலிருந்து கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். அடுப்பைத் தணித்தாள். டிரைவருக்குப் பக்கத்தில் கிடந்த நெல் மூட்டைமேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

வாய்க்காலில் எல்லா மேஜையிலிருந்தும் குழம்பு, மீன் என்று குரல் வந்தது. பாலாஜி மூன்று முறை கொட்டகைக்கும் கரைக்கும் நடந்தார். தானே கரண்டியை எடுத்தார். எந்தப் பாத்திரத்தில் எது என்று தெரியாமல் திரும்ப வைத்தார். குடும்பத் தலைவரின் பிள்ளைகள் வெறும் இலையைப் பார்த்து அழ ஆரம்பித்தன. அவர், “யாராவது வந்து சோத்தப் போடுங்கப்பா” என்றார். பாலாஜி ஏப்ரனை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு, சரோஜாவிடம் கேட்டார்: “இன்னா சரோஜாம்மா, நீயும் ஸ்ட்ரைக்கா?”

அவள் எழுந்திருக்க அவசரப்படவில்லை. “ஸ்ட்ரைக்கு கிஸ்ட்ரைக்குலாம் அவருக்குத்தான் தெரியும் நைனா. எனக்கு முட்டி வலிக்குது, குந்திக்கினு கீறேன். அவரு ஏப்ரன் கட்டிக்கினா கொறஞ்சிடும்.”

மைக் இல்லாமல், துண்டறிக்கை இல்லாமல், பத்தே நிமிடத்தில் முழு வெற்றி கண்ட அந்தப் போராட்டத்தில், நாற்பது வருஷ அனுபவசாலியான என் பங்கு, அதற்குக் காரணமாக இருந்ததும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்ததும்தான்.