கப்பக்காரர் போட்ட வெங்காயப் பட்டறை

எனக்கு வயது எழுபத்து நான்கு. நான் பெற்றது மூன்று, தங்கை விட்டுப்போன பிள்ளைகள் இரண்டு, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியவள். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதனால் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். சொல்கிற விஷயம் கோணாது.

போன மாதம் என் அப்பா போய்விட்டார். நூறு வயதை எட்டிப் பார்த்துவிட்டு, தொடாமலே போய்விட்டார். குன்னத்துப் பக்கம் அவருக்குக் கப்பக்காரர் என்றுதான் பெயர். கடற்படையில் வேலை பார்த்தவர். எடுக்கிற அன்று பழைய பட்டாளத்துக்காரர்கள் வந்து கொடி போர்த்தினார்கள். அதில் ஒருவர், அப்பா ஏறிய கப்பல், இறங்கிய தேசம் எல்லாவற்றையும் அடுக்கி அழகாகப் பேசினார். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் கடலில் இருந்ததைப் போல நாலு மடங்கு காலம் காட்டில், எங்கள் வெள்ளாமை நிலத்தில் இருந்தார். காட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு விவரம் தெரிந்த நாளில் அப்பா என்றால் வருடத்துக்கு ஒரு தடவை அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி வருகிற வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையில் ஒரு சோப்பு வாசனை இருக்கும். அவர் திரும்பிப் போன பிறகும் அந்த வாசனை வீட்டுக் கொடியில் கொஞ்ச நாள் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு அதுவும் போய்விடும். மறுபடி வருகிறபோது அவர் முகம் எனக்கு மறந்திருக்கும்.

அப்புறம் ஒரு வருடம் வந்தவர் திரும்பிப் போகவில்லை. வேலை முடிந்துவிட்டது என்றார்கள். பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் சர்க்கார் அவருக்குத் தரிசு நிலம் கொடுத்தது. நிலம் என்று பேருக்குத்தான். வேலிகாத்தான் முள்ளும் கல்லும் தவிர அங்கே வேறு ஒன்றும் முளைத்ததில்லை. அப்பா அங்கேயே ஒரு மண் வீடு கட்டினார். முள்ளை வெட்டினார், வேரைத் தோண்டினார், கல்லைப் பொறுக்கி வரப்பாக அடுக்கினார். தோண்டுகிற இடத்தில் அங்கங்கே கல்லாய்ப் போன சிப்பியும் சங்கும் கிடைக்கும். எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் பழக்கம், காலில் குத்தினால் எடுத்து எறிவோம். அப்பா மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார்.

"இங்கயும் கடல் இருந்திருக்கு புள்ள" என்பார் அம்மாவிடம்.

"இருந்துட்டுப் போவட்டுங்க. இப்பக் கெணத்துல எத்தினி படி தண்ணி தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

முதல் வருடம் போட்ட சோளம் பாலேறும்போதே காய்ந்தது. அடுத்த வருடம் பருத்தி. அதுவும் கைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வருடம் கிணற்றில் நல்ல ஊற்று வந்தது, சின்ன வெங்காயம் வைத்தோம். மண்ணுக்கும் எங்கள் மேல் இரக்கம் வந்ததோ என்னவோ, கொத்துக் கொத்தாய் இறங்கியிருந்தது. அப்பா ஒரு வெங்காயத்தைக்கூட விற்கவில்லை. அத்தனையையும் விதைக்கு வைத்து ஆவணியில் காடு முழுக்க நடுவது என்று முடிவு.

விதை வெங்காயத்தை வீட்டுக்குள் வைக்க முடியாது. புழுங்கிவிடும். காட்டிலேயே பட்டறை போடுவோம். தரையில் கல் பரப்பி, அதன்மேல் குச்சி அடுக்கி, இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி கட்டி, ஒடுக்கமாக, நீளமாக ஒரு சுவர் மாதிரி வெங்காயத்தைத் தாளோடு நிரப்பி, மேலே ஓலை போட்டு மூடுவோம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால் எங்கள் ஊரில் எல்லாப் பட்டறையும் மேற்கேயிருந்து அடிக்கிற மேல்காற்றுக்குக் குறுக்கே, தெற்கு வடக்காகத்தான் நிற்கும்.

அப்பா கிழக்கு மேற்காகப் போட்டார்.

அம்மா பார்த்துவிட்டுப் பதறினார். "ஏங்க, காத்துக்குக் குறுக்க இல்ல போடணும்? இப்பிடிப் போட்டா உள்ளார காத்து எப்பிடிப் போவும்?"

"காத்துக்குக் குறுக்க நிறுத்துனா தூக்கிக் கவுத்துடும். மூஞ்சியக் காத்துக்குக் காட்டித்தான் நிறுத்தணும். கடல்ல எத்தன பொசலப் பாத்துட்டு வந்திருக்கேன், என்கிட்டயா?"

மாமா சம்சாரம், என் அத்தை, அப்போது களை வெட்ட வந்திருந்தார். வாய்க்குப் பூட்டு போடத் தெரியாதவர். "விடு தாயி. எங்கண்ணன் கப்பல ஓட்டியாந்து காட்டுல கட்டிப் போட்டிருக்காரு. மழ பேஞ்சா அதுலயே ஏறி ஊருக்குப் போயிரலாம்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. கயிற்றை எடுத்து என்னைக் கூப்பிட்டார்.

அவர் போடுகிற முடிச்சு ஊரில் யாருக்கும் வராது. "பாப்பா, இழுக்க இழுக்க இறுகணும். வேண்டாம்னா ஒரே இழுப்புல அவுந்து வந்துரணும்" என்று என் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு இடது கை பழக்கம். என் முடிச்சு எப்போதும் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். பரவாயில்லை, பிடித்தால் சரி என்பார்.

ஆடி பிறக்கும் முன்னே, அவரோடு கடற்படையில் வேலை பார்த்த ஒருவர் மெட்ராஸிலிருந்து ஆள் விட்டுச் சொன்னார். சரக்குக் கப்பலில் வேலை இருக்கிறதாம், நேரில் வரச் சொன்னாராம். அப்பா வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"போயி என்னான்னு கேட்டுட்டு வரேன். விதை தேறுச்சுன்னா நடுவோம். இதுவும் போச்சுன்னா எனக்குக் காடு ராசி இல்லன்னு அர்த்தம். கப்பலுக்கே போயிடுறேன்."

அப்பாவின் தலை மறையும் வரை அம்மா வரப்பிலேயே நின்றார். நானும் நின்றேன். நான் போட்ட கணக்கு சின்னது. வெங்காயம் நன்றாக இருந்தால் அப்பா இருப்பார். கெட்டால் சோப்பு வாசனைதான்.

அவர் போன மறுநாளோ அதற்கு மறுநாளோ, அம்மா பட்டறைப் பக்கம் போனவர் மூக்கைச் சுளித்தார். தட்டிக்குள் கையை விட்டு எடுத்தார். வெங்காயம் வேர்த்திருந்தது. சிலது விரல் பட்டதுமே நசுங்கியது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பாப்பா, ஓடிப்போயி அத்தையக் கையோட கூட்டியா" என்றார்.

அத்தை வந்து முகர்ந்து பார்த்தார். "நாந்தான் சொன்னனே..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணி, சொன்னத அப்பறம் சொல்லிக்கலாம். அவரு வர்றதுக்குள்ள இதத் திருப்பி வெக்கணும். ஊருக்குள்ள மூச்சு விடக்கூடாது."

"திருப்பி வெச்சா எங்கண்ணனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது. அழுவி நாறுனா மட்டும் தெரியாதா?"

அத்தை அதற்கப்புறம் வாய் பேசவில்லை. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் காட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. ஓலையை இறக்கினார்கள். வெங்காயத்தை வேப்பமர நிழலில் கொட்டி, அழுகலை ஒதுக்கி, நல்லதை உலர்த்தினார்கள். வெங்காயச் சருகு காற்றில் கிளம்பிக் காடெங்கும் பறந்தது. இளஞ்சிவப்பாய், மெல்லிசாய், தலையிலும் இமையிலும் வந்து ஒட்டியது. நான் அதைத் துரத்திக்கொண்டு ஓடினேன். அம்மா திட்டவில்லை. கல்லைத் தெற்கு வடக்காகப் பரப்பினார்கள், தட்டியைத் திருப்பி நட்டார்கள். கடைசியில் கயிறு கட்டுகிற நேரம் வந்தபோது இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அத்தனை முடிச்சையும் நான் போட்டேன். அம்மா என்னைத் தூக்கிப் பிடிக்க, உயரத்து முடிச்சையும் போட்டேன். அன்று மேல்காற்று தட்டிக்குள் நுழைந்து சலசலவென்று மறுபக்கம் வந்தது. அம்மா அந்தப் பக்கம் நின்று முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் பொழுது சாய அப்பா வந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை, நேராகப் பட்டறைக்குப் போனார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான் பயந்துகொண்டே பின்னால் போனேன். அவர் பட்டறையை ஒரு சுற்று சுற்றினார். தட்டிக்குள் கைவிட்டு ஒரு கொத்து எடுத்து, உதறி, காதருகே வைத்து அசைத்துப் பார்த்தார். ஒன்றை உரித்துக் கடித்தார். பிறகு ஒரு முடிச்சைத் தொட்டார். மறுபக்கம் திரும்பியிருந்த முடிச்சு. விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அடுத்ததையும் தொட்டார். அவிழ்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு முட்டியது. காற்றை முகர்ந்தே திசை சொல்கிற அப்பாவுக்குப் பட்டறையே திசை மாறி நிற்பது தெரியவில்லையே என்று. ஏமாற்றிவிட்டோம் என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவி, கம்பங்கூழ் குடிக்க உட்கார்ந்தார். அம்மா ஊற்றினார். பாதிக் கூழில் அப்பா தலை நிமிராமல் கேட்டார்.

"ஏ புள்ள, அடுத்த வருசம் பட்டறைய எந்தப் பக்கம் பாக்கப் போடலாம்?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. புகைதான் என்று நினைத்தேன், அடுப்பில் அப்போது நெருப்பே இல்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"இப்ப இருக்கிற மாதிரியே போடுவோங்க."

எனக்கு அப்பா மேல் பரிதாபமாக இருந்தது. தேசமெல்லாம் சுற்றியவருக்கு ஒரு பட்டறை போடத் தெரியவில்லை, அதையும் அம்மாவிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று. அவர் கேட்டதில் 'எந்தப் பக்கம்' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. 'அடுத்த வருசம்' என்றதை அம்மா கேட்டிருக்கிறார். அது எனக்குக் கேட்க, நான் கல்யாணமாகி, வெளியூர் போன ஒருவருக்காக வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

இவ்வளவுதான், இனி பேரப்பிள்ளை படித்துக் காட்டட்டும். கண்ணு, போனைக் கீழே வைத்துவிட்டு இங்கே வா. ஆயா எழுதியதை முதலிலிருந்து படி, கேட்கிறேன். அவசரப்படாதே. என் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிற இடம் வரும், அங்கே நீயும் கொஞ்சம் நிறுத்திப் படி.