இரும்பு சொல்ல மறுத்த சூடு

பேக்கரி அடுப்படியில் அவருக்கு ‘இரும்பு’ என்று பெயர். கொதிக்கிற தட்டை வெறுங்கையால் இழுத்துப் போட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போகிற ஆள். சுடவில்லையா என்று கேட்டால், “நம்ம கை, நம்ம தட்டு. இதுல என்ன சுடறது?” என்பார்.

அந்த வீராப்புதான் குடும்பத்துக்கே வினையாக வந்தது என்பாள் அவர் மனைவி. தான் சுட்ட பன்னே நெஞ்சில் சிக்கி நின்றபோதும் மனுஷன் யாரிடமும் மூச்சு விடவில்லை. டீயில் முக்கித் தின்றார், பிறகு டீயே போதும் என்றார். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது உணவுக்குழாயில் கட்டி நன்றாக வளர்ந்திருந்தது.

முதலில் கட்டி சுருங்க வேண்டும், அப்புறம்தான் ஆபரேஷன் என்றார் டாக்டர். மருந்து ஏற்றினார்கள், கதிர் வைத்தார்கள். கூடவே நெஞ்சுக்கு முன்னும் பின்னும் தண்ணீர்ப் பை வைத்து மெஷினால் கட்டியைச் சூடாக்கினார்கள். சூடுபட்ட கட்டியில் மருந்தும் கதிரும் கூடுதலாக வேலை செய்யுமாம். மூக்கு வழியாக விட்ட மெல்லிய கம்பி உள்ளே இருக்கும் சூட்டைக் காட்டிவிடும். தோலில் எங்கே சுடுகிறது என்பதை அவர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். நல்ல ஆளாகப் பார்த்துத்தான் கேட்டார்கள்! போன தடவை முதுகில் கொப்புளம் கிளம்பிய பிறகே எல்லோருக்கும் தெரிந்தது.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சூடு வைக்கறதை நிறுத்திடுவோம்மா” என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

இன்று சூடு வைக்கும் அறையின் கண்ணாடிக்கு வெளியே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் பிடித்துக் குடிக்காமலே கொட்டினாள். உள்ளே பேசுகிற மைக்கோடு பக்கத்தில் உட்கார்ந்து மெஷின் பார்க்கும் பெண்ணைத் துளைத்தெடுத்தாள்.

“அவரை இன்னொரு வாட்டி கேளும்மா.”

“இப்பதானேக்கா கேட்டேன். நல்லா இருக்குன்னாரு.”

“அவரு செத்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாரு!”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உள்ளே அவர் கால்விரல்கள் இறுக மடங்குவது தெரிந்தது. அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. மைக்கைப் பிடுங்கினாள்.

“ஏங்க, உங்க வீரத்தை வெச்சு நான் என்ன பண்றது? எனக்கு நீங்க வேணும். சுடுதா, இல்லையா?”

ஸ்பீக்கர் கரகரத்தது.

“சுடுது. வலது தோளுக்குக் கீழ.”

அந்தப் பெண் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே ஓடிப் பையை நகர்த்தினாள்.

“இப்போ எப்படி இருக்கு ஐயா?”

“இப்போ தேவலை.”

அந்தப் பெண் வெளியே வந்ததும் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில், யாரும் கேட்காமலே அவர் குரல் வந்தது.

“பயமா இருக்கும்மா. எங்கயும் போயிடாத.”

கல்யாணமான நாள் முதல் அவர் வாயிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை. அந்தப் பெண் பார்க்கிறாளே என்று கவலைப்படாமல் விம்மி அழுதாள்.

“இங்கதாங்க இருக்கேன்” என்றாள். மைக்கை யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை.