கால் வைக்கும் இடம்

“இன்னும் நாலு விரல் பின்னால போகணும்” என்றார் ஃபோர்மேன்.

பழைய லாரியிலிருந்து கழற்றிய எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. லாரிக்குள் இருந்தவரை அது அப்படியொன்றும் பெரிதாகத் தெரிந்ததில்லை. இப்போது ஜீப்பின் தலைமேல் தொங்கும்போது, ஒற்றை அறை வீட்டுக்குள் இரும்பு பீரோவை இறக்கப் பார்ப்பதுபோல இருந்தது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் தகரம். வண்டிகளின் கதவையும் மட்கார்டையும் தட்டி நிமிர்த்துவது அவன் பிழைப்பு. அவனுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அவனே கொஞ்சம் யோசிப்பான்.

“பின்னால எங்கண்ணே போறது? தகடு இடிக்குது.”

“தகட்ட வெட்டு.”

எஞ்சினுக்கும் ஆட்கள் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டைத்தான் சொன்னார். தகரம் வண்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்தான். ஓட்டுகிறவர் பக்கம் தொந்தரவு இல்லை. பக்கத்து இருக்கைக்கு எதிரேதான் எஞ்சினின் புகைக்குழாய் வளைந்து வந்தது.

“வெட்டிடலாம். அண்ணி கால எங்க வெப்பாங்க?”

“அதெல்லாம் பாத்துக்கலாம்.”

“வேணாம்ணே. எஞ்சின முன்னால தள்ளிடுவோம். ரேடியேட்டர் ஒரு சாண் வெளிய வரும், அவ்வளவுதான். மூக்க நீட்டி ஒரு கூடு அடிச்சுத் தரேன்.”

“முன்னால தள்ளினா அடியில எண்ணெய்த் தொட்டி ஆக்ஸில்ல மோதும்.”

“தொட்டிய வெட்டி ஒட்டிட்டா எப்படி மோதும்? ஒரு நாள் வேலை. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?”

ஃபோர்மேன் ஜீப்பின் முகத்தைப் பார்த்தார். நிமிர்ந்த கம்பிகள், இரண்டு பக்கமும் உருண்டை விளக்குகள். இதை வாங்கிய நாளிலிருந்து தினமும் அவர் கையால் துடைத்த முகம்.

“பன்னி மாதிரி ஆயிடும்டா.”

“பன்னியும்தான் மலை ஏறுது.”

“வெட்டுறா.”

தகரம் வெட்டினான். பொறி பறந்து பக்கத்து இருக்கையின் ரெக்சினில் இரண்டு ஓட்டைகள் விழுந்தன.

ஃபோர்மேன் வேலையை விட்டு நின்று இரண்டு வருஷமாகியும் பெயர் மட்டும் நிற்கவில்லை. லாரி கம்பெனி ஷெட்டில் உதவியாளாகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தவர். வயதில் பாதியை வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து கழித்தவர். நின்றுகொண்டு பேசும் மனிதர்கள் அவருக்கு அவ்வளவாகப் பிடிபடமாட்டார்கள். செருப்பைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவார். கல்யாணம் முடிந்த அன்று சாயங்காலமே கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து கூட்டிப்போனார்கள். பாலத்தில் நின்றுவிட்ட லாரியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு மறுநாள்தான் திரும்பினார். “மாப்பிள்ளை எங்கே?” என்று கேட்டவர்களுக்கெல்லாம், “லாரிக்குக் கீழ” என்று அவர் மனைவி பதில் சொல்லியிருக்கிறாள். அப்போது அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவளுக்கு ஒரே அக்கா. மலைமேல், பேருந்து போகாத ஒரு சரிவில் வீடு. ஜீப் மாதிரி வண்டி இல்லாவிட்டால் அடிவாரத்தில் இறங்கி நடந்துதான் ஏறவேண்டும். தங்கை வருஷத்துக்கு ஒருமுறை ஏறிப்போய்விட்டு வருவாள். “நானும் வரேன்” என்று அவர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார், ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு லாரி படுத்துக்கொள்ளும். ஒருமுறை அப்படித் தனியாக இறங்கி வரும்போதுதான் அவள் ஈரக் கல்லில் சறுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டாள். அவர் அந்நேரம் எங்கோ ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் கியர்பாக்ஸைக் கழற்றி வைத்திருந்தார். பாதியில் விட்டுவிட்டு வர முடியவில்லை. எலும்பு கூடியது, மூட்டு கூடவில்லை. அதன்பிறகு அந்தக் கால் மடங்குவதே இல்லை. உட்கார்ந்தால் நீட்டியபடிதான்.

பேருந்தில் அவளால் உட்கார முடியாது, காரில் ஏற முடியாது. அவளுக்குத் தோதாக இருந்தது அந்தப் பழைய ஜீப்பின் முன் இருக்கை ஒன்றுதான். எதிரே தாராளமாக இடம். காலை நீட்டிக்கொண்டு ராணிபோல உட்கார்ந்து வருவாள். ஆனால் அதில் இருந்த சின்ன பெட்ரோல் எஞ்சினுக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் இருவரும் கிளம்பிப்போய், இரண்டாவது வளைவிலேயே ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. “உங்க வண்டிக்கும் முழங்கால் வலி” என்றாள் அவள். பின்னாலேயே உருட்டி இறக்கினார்கள்.

இந்த வருஷம் அக்கா படுக்கையில் விழுந்துவிட்டாள். இறக்கிக் கூட்டிவரும் நிலையிலும் இல்லை. “மழைக்கு முன்னால ஒரு தடவ வந்துட்டுப் போடி. மழைன்னா பாதைய அடைச்சிடுவாங்க. மழை முடியறப்ப நான் இருக்கேனோ என்னவோ” என்று ஃபோனில் சொன்னாள். மனைவி அதை அவரிடம் அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தாள்.

அந்த வாரம்தான் கம்பெனியில் ஒரு பழைய லாரியை உடைக்கப் போட்டார்கள். அதன் எஞ்சினை மூன்று தரம் பிரித்துச் சேர்த்தவர் அவர்தான், கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த சுறுசுறுப்பு அவருக்குத் திரும்பி வந்தது. எஞ்சின் உட்கார சேஸிஸில் புது தாங்கிகள் வைத்தார். கனம் தாங்க முன்பக்க ஸ்பிரிங் வில்லுக்கு இரண்டு பட்டை கூட்டினார். எஞ்சினையும் ஜீப்பின் கியர்பாக்ஸையும் இணைக்கக் கனத்த இரும்புத் தட்டில் தானே கடைசல் பிடித்து ஒரு வளையம் செய்தார். வீட்டுக்கு வந்தால் தட்டில் இருக்கும் சோற்றைப் பார்த்துக்கொண்டே வளையத்தைப் பற்றிப் பேசுவார்.

“நான் ஒருநாள் வந்து பாக்கட்டுமா?” என்று அவள் கேட்டாள்.

“எல்லாம் முடிஞ்சப்புறம் பாரு. வாசல்ல கொண்டுவந்து நிறுத்தறேன்.”

“அளவெல்லாம் சரியா இருக்கா?”

“நான் அளந்தா தப்புமா?”

அளந்திருந்தார். பக்கத்து இருக்கையில் தானே ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் மடக்கிப் பார்த்திருந்தார். நீட்டிப் பார்க்கவில்லை. இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளலாம் என்று நினைத்தார். பின்னால் டீசல் டேங்க் இருந்தது. சரி, பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். எது எதற்குப் பழகும் என்று தெளிவாக நினைக்கவில்லை.

கிளம்பும் நாளில் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. அவள் புதுச் சேலையில், பையோடு வந்தாள். வண்டியின் முகத்தை முதலில் பார்த்தாள்.

“அப்படியே இருக்கு” என்றாள்.

அவருக்கு அது போதுமாக இருந்தது.

கதவைத் திறந்து நல்ல காலை உள்ளே வைத்தாள். மற்றக் காலை இரண்டு கையாலும் தூக்கி வைக்கப் பார்த்தாள். பாதம் புதுத் தகட்டில் முட்டி நின்றது. குதிகால் வெளியே இருந்தது. சாய்ந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். அவர் இருக்கையைப் பிடித்து ஆட்டினார். அது நகராது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் ஆட்டினார்.

“உங்க எஞ்சின் நல்லா கால நீட்டிப் படுத்திருக்குங்க” என்றாள் அவள்.

“வந்து... அந்தக் குழாய் இப்படி வருதில்ல...”

“வேற மாதிரி வெக்க முடியாதா?”

“முடியும்.”

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். இறங்கிப் பின்பக்கம் போனாள். “இங்க குறுக்க நீட்டிக்கறேன். ஏத்தி விடுங்க” என்றாள்.

பின் பலகையில் பக்கவாட்டில் உட்கார்ந்து எதிர்ப் பலகையில் காலை வைத்துக்கொண்டாள். ஊர் எல்லைவரை பேசிக்கொண்டு வந்தாள். லாரி எஞ்சின் ஜீப்பை உதறிக்கொண்டே ஓடியது. ஒவ்வொரு பள்ளமும் நேராகப் போய் அவள் முழங்காலில் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தார். அவள் பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மெதுவாக ஓட்டினார். மெதுவாக ஓட்டினால் அந்த எஞ்சின் இன்னும் உதறும்.

அடிவாரத்தில் சிவப்புக் கூரை போட்ட ஒரு டீக்கடை. “நிறுத்துங்க” என்றாள். முழங்கால் வீங்கியிருந்தது.

“கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம்” என்றார்.

“இதுக்குமேல என்னால முடியாதுங்க. நீங்க போயிட்டு வாங்க. அவ காத்துக்கிட்டிருப்பா.”

“நீ இல்லாம நான் போய் என்ன பண்ண?”

“எஞ்சின் ஏறுதான்னு பாக்க வேணாமா?”

கேலியா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. உண்மையாகவே பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

எஞ்சின் ஏறியது. இரண்டாவது கியரில் போட்டு விட்டுவிட்டார். பழைய வண்டி கொதித்து நின்ற வளைவை, கன்றை இழுத்துப்போகும் மாடுபோல அலட்டிக்கொள்ளாமல் கடந்தது. அடுத்த வளைவும் அப்படியே. சூடு முள் அசையவில்லை. நாலாவது வளைவில் அவர் சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். தான் சீட்டி அடிக்கிறோம் என்பது அதற்கடுத்த வளைவில்தான் தெரிந்தது. நிறுத்தினார். வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மீதி வழியை ஏறினார்.

அக்காவைத் தலையணைகளை முட்டுக்கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தார்கள். தலை வாரியிருந்தாள்.

“சத்தம் கீழ இருந்தே கேட்டுச்சு. லாரிதான் ஏறி வருதோன்னு நெனச்சேன்” என்றவள், அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். “அவ எங்க தம்பி?”

“கீழ இருக்காக்கா. டீக்கடையில.”

“கால் முடியலயா?”

“கால் நல்லாத்தான் இருக்கு. வண்டியில வெக்க இடம் பத்தல.”

“அவளுக்காகத்தான் வண்டி செய்யறீங்கன்னு சொன்னா” என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. தான் கேட்டது சரிதானா என்று விசாரிப்பதுபோலச் சொன்னாள்.

“அந்தா, சிவப்பா ஒரு கூரை தெரியுது பாருங்க. அங்கதான் இருக்கா” என்று காட்டினார்.

அக்கா கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தாள். கூரை தெரிந்ததா என்று அவர் கேட்கவில்லை. அவர் திரும்பக் கிளம்பும்போதும் அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே வந்ததும் மனைவி முதலில் கேட்டது, “எப்படி ஏறிச்சு?”

“நல்லா ஏறிச்சு.”

“கொதிக்கலயே?”

“இல்ல.”

“எப்படி இருக்கா?”

“தலை வாரி உக்காந்திருந்தாங்க.”

அவள் தலையை ஆட்டினாள். “மேல ஒரு ஜன்னல் தெரிஞ்சுது. அது அவளுதாத்தான் இருக்கும்னு கை காட்டினேன். கடைக்காரர், யாருக்கும்மா கை காட்டறீங்கன்னு கேட்டாரு.”

அவளைப் பின்னால் ஏற்றினார். இருட்டும் முன் வீட்டுக்கு வந்துசேர்ந்தார்கள்.

மறுநாள் காலையில் ஃபோர்மேன் ஷெட்டுக்குப் போனார். பானெட்டைக் கழற்றி, எண்ணெயை வடித்து, எஞ்சினைத் திரும்பச் சங்கிலியில் மாட்டினார்கள். மூக்கை எவ்வளவு நீட்டவேண்டும் என்று தகரம் சாக்பீஸால் தரையில் கோடு போட்டான். முன் கம்பிகளை ஃபோர்மேனே அறுத்தார். மதியத்துக்குமேல் மழை பிடித்தது. மலைப்பாதையை அடைத்துச் சங்கிலி கட்டிவிட்டதாக வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. அதற்குள் எண்ணெய்த் தொட்டியைப் பாதி வெட்டியிருந்தார்கள். மீதியையும் வெட்டினார்கள். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது அவள் மலைக்கு எடுத்த பை பீரோமேல் ஏறியிருந்தது. அவள் கட்டிலில் காலை நீட்டி, வெந்நீரில் நனைத்த துணியை முழங்காலில் போட்டிருந்தாள். அவர் துணியை எடுத்துப் பிழிந்து மறுபடியும் போட்டார்.