என் ஆய்வின் பிழையைச் சொல்ல முருகன் தந்த துணிவு

போன வருடம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் இரண்டு வருட உழைப்பு பிழையென்று கண்டுகொண்டேன். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நான் சித்தாண்டியைச் சேர்ந்தவள். நரம்பியல் விஞ்ஞானத்தில் ஆய்வு முதுமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பாரிசவாதம் வந்து பேச்சிழந்தவர்கள் சொற்களை எப்படித் திரும்பப் பெறுகிறார்கள் என்பதே என் ஆய்வு. ஒரு குழு சொற்களைத் தாளத்தோடு சொல்லிப் பழகியது, மற்றது தாளமில்லாமல். பிறகு வீடு வீடாகப் போய் மடிக்கணினியில் படங்களைக் காட்டி, பெயர் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தேன். தாளக் குழு வேகமாகச் சொன்னது. துறைக் கூட்டத்தில் நான் இதை விளக்கியபோது கைதட்டினார்கள்.

பழைய மடிக்கணினி மெதுவாகிவிட்டதால் இடையில் புதியதற்கு மாறியிருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டையும் அருகருகே வைத்துச் சோதித்தேன். பழையதில் குரல் பிந்திப் பதிவாகியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு என்பதால் கழித்துத் திருத்தவும் வழியில்லை. தாளமில்லாத குழுவில் பெரும்பாலானவர்களை அதில்தான் அளந்திருந்தேன். மூளையின் வேகம் என்று நான் சொன்னது கணினியின் தாமதம்.

கோயிலுக்கு ஓடினேன். "முருகா, இது பிழையா இருக்கக் கூடாது" என்று அழுதேன். வீட்டுக்கு வந்து மூன்று தரம் சோதித்தேன். பிழைதான். பேசாமல் விட்டுவிட்டால் பட்டம் கிடைக்கும். அந்த எண்ணம் எனக்கு வந்தது, அதை மறைக்கவில்லை. நான்கு நாள் அதோடுதான் இருந்தேன்.

ஐந்தாம் நாள் திரும்பவும் சந்நிதியில் நின்றேன். பிழையை இல்லாமல் ஆக்கு என்று கேட்க வாய் வரவில்லை. சொல்வதற்குத் துணிவு தா என்று மட்டும் கேட்டேன். மனம் அடங்கியது. அங்கிருந்தே என் மேற்பார்வையாளருக்கு அழைத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "நீங்க சொல்லாட்டி எனக்கும் தெரிஞ்சிருக்காது. சரி, எல்லாரையும் ஒரே கணினியில திரும்ப அளக்கணும். ஆய்வேட்டக் குடுக்க மூணு மாசந்தான் கிடக்கு" என்றார்.

முதலில் எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டுக்குப் போனேன். நோயாளியின் மனைவியான அந்த வீட்டு அம்மா வாசலிலேயே மறித்தார். "அந்த மனிசன் களைச்சுப்போனார் கா. இன்னும் எத்தினை தரம் படம் காட்டுவீங்க?" அடுத்த இரண்டு வீடுகளிலும் அதே பதில். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. என்ன கேட்பதென்று தெரியாமல், "முருகா, வழி காட்டு" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஏறாவூரிலிருந்து றஹீமா ராத்தா அழைத்தார். அங்குள்ள முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் அழைப்பார்கள். பேச்சிழந்த அவருடைய கணவர் மஜீத் காக்காவும் என் ஆய்வில் இருந்தவர்.

"புள்ள, ஏன் இந்தப் பக்கமே வரல்ல? அவர் அந்தப் படங்கள் எங்கயெண்டு கையால காட்டிக் காட்டிக் கேக்கிறார்."

நடந்ததைச் சொன்னேன். என் பிழையென்றும் சொன்னேன்.

"அப்ப வாங்க. அவரோட கிளினிக்குக்கு வாற மத்த ஆக்களோட நான் கதைக்கிறன். பிழையெண்டு நீங்களே சொல்றீங்களே, அதுக்கு மேல என்ன வேணும்?"

என்னை மறித்த அம்மாவோடும் அவரே கதைத்தார். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் மனமுவந்து சம்மதித்தார்கள்.

எல்லோரையும் புதிய கணினியில் திரும்ப அளந்தேன். இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசம் இருந்தது, ஆனால் நான் முதலில் சொன்னதைவிட மிகச் சிறியது. அதையே எழுதினேன். என் பிழைக்கும் ஒரு அத்தியாயம் ஒதுக்கினேன். பரீட்சகர்கள் அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். ஆவணியில் பட்டம் உறுதியானது.

முன்பு நான் கேட்டதைத் தருகிறவராகத்தான் முருகனை நினைத்திருந்தேன். நான் முதலில் கேட்டதை அவர் தரவில்லை. அதற்கு இன்று நன்றி சொல்கிறேன். மறைக்கத் தோன்றும் ஏதாவதொன்றோடு உங்களில் யாராவது நிற்கலாம். அதையும் எடுத்துக்கொண்டே சந்நிதிக்குப் போங்கள். அவர் முகம் திருப்ப மாட்டார்.