என் காலால் மிதித்துப் பார்த்த பிறேக்

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் எங்கள் வீட்டுக் கராஜில், பாகங்களாக வாங்கிய ஒரு சிறிய காரை அப்பாவும் நானும் மூன்று வருடங்களாகப் பூட்டி உருவாக்கினோம். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீட்டோடு இருந்த அப்பா ஓட்டுவதற்காகத்தான் அந்தக் கார்.

பிறேக் மிதியை இலேசாக்கும் சேர்வோ தேவையா என்ற கேள்வி வந்தது. நான் இயந்திரப் பொறியியல் படித்தவள், பட்டியல் போட்டேன். கார் பாரம் குறைவு, எஞ்சினுக்குப் பக்கத்தில் இடம் நெருக்கம், சேர்வோவோடு மிதித்தால் ஈரவீதியில் கார்ச் சில்லுகள் சுழலாமல் இறுகி வழுக்கலாம். பதினொரு வரிகளும் ‘வேண்டாம்’ என்றன; சேர்வோவை விட்டுவிட்டேன். பிறேக் சோதனைகளின்போது அப்பா காருக்கு அடியில் படுத்துக் குழாய்களைப் பார்ப்பார். மிதிப்பது நான்தான்.

முதன்முதலாக அப்பா முற்றத்தில் ஓட்டினார்.

“நிப்பாட்டுங்கோ அப்பா!” என்று கத்தினேன். கார் நிற்காமல் உருண்டு வேலிச்செடிக்குள் புகுந்தது. சற்று முன்புவரை பக்கத்து வீட்டுப் பெண் அங்கேதான் நின்று எங்களை வாழ்த்திக்கொண்டிருந்தார்.

“பிறேக் நல்லாத்தான் இருக்கு, பிள்ளை. என்ர காலுக்குத்தான் அழுத்த ஏலாது.”

“முதலே சொல்லியிருக்கலாமே?”

“நீ கேக்கேல்லையே.”

அடுத்த மாதமே சிரமப்பட்டு சேர்வோ பூட்டினேன். விரலால் அழுத்தினாலே மிதி இறங்குகிறது. ஆனால் அப்பா ஏறவில்லை. “நீயே காரை ஓடு, பிள்ளை. எனக்கு அந்த ஆசை விட்டுப் போட்டுது,” என்கிறார்.

இப்போதெல்லாம் என் பட்டியல்களின் முதல் வரியில், பொருளைப் பயன்படுத்தப் போகிறவரின் பெயரை எழுதுகிறேன். முதல் சோதனையையும் அவரைக்கொண்டே செய்விக்கிறேன். அப்பாவின் கார் மட்டும் போர்வைக்குள் அப்படியே நிற்கிறது.