குதிகால் படாத சவாரி

கடைசியாக அம்மாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, ஒரு குதிரைப் போர்வையைப் பிழிந்தது. பொதுச் சலவை இயந்திரத்தில் குதிரை முடி வரக்கூடாது என்று கட்டடக் காவலாளி அறிவிப்பு ஒட்டிவிட்டார். அதனால் குளியல் தொட்டியில் ஊறவைத்தோம். அம்மா ஒரு முனை, நான் மறுமுனை. எதிரெதிராக முறுக்கினோம்.

"உன் பள்ளிக்கூட யூனிஃபார்ம்கூட இவ்வளவு அழுக்கா இருந்ததில்ல" என்றாள். கொஞ்சம் யோசித்து, "இல்ல, இருந்துச்சு" என்றாள்.

அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய் காலை பல் தேய்க்கும்போது விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. குதிரை ஏறியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் இல்லை என்றார்.

அம்மா முப்பத்தொரு வருடம் ஒரு பள்ளியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். தவளை, ஓணான், பாம்பு எல்லாம் பாட்டிலில் மிதக்கும். தூசி துடைப்பாள், ஃபார்மலின் குறைந்தால் ஊற்றுவாள். அப்பாவுக்கு ஆஸ்துமா. வீட்டில் பூனைகூட இருந்ததில்லை. அப்பா போன மறுவருடம், நான் வேலை பார்க்கும் இந்த நாட்டுக்கு அவளை அழைத்துவந்தேன். மூன்று மாதம் ஜன்னலே கதி. ஒருநாள் தப்பான பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய் இறங்கினாள். எதிரே ஒரு குதிரை லாயம். யாரும் கேட்காமலே துடைப்பத்தை எடுத்தாளாம்.

"செத்ததையே முப்பது வருஷம் துடைச்சாச்சு. இது மூச்சு விடுது. கை வச்சா சூடா இருக்கு" என்றாள், செருப்பில் ஒட்டிய லத்தியைக் கழுவிக்கொண்டே.

வாரம் நான்கு நாள் போனாள். இரண்டு மாதம் கழித்து ஒரு காகிதத்தோடு வந்தாள். குதிரை ஏற வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்குக் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். லிஃப்டுகளைச் சோதித்துப் பாதுகாப்புச் சான்று கொடுப்பது என் தொழில். அம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று, எலும்பில் வலுவில்லை. முடியாது என்றேன்.

"விழுந்தா என்ன பண்ணுவ?"

"எழுந்திருப்பேன்."

"முடியலன்னா?"

"நீ நடக்கப் பழகினப்ப நான் யார்கிட்டயும் கையெழுத்து வாங்கல."

காகிதம் நான்கு மாதம் குளிர்சாதனப் பெட்டியின்மேல் கிடந்தது. அதைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. நான் சாப்பிட உட்காரும்போது மட்டும் அதை எடுத்து, தூசி தட்டி, அதே இடத்தில் வைப்பாள்.

ஒரு சனிக்கிழமை அவளை அழைத்துவர லாயத்துக்குப் போனேன். பத்தொன்பது வயதான பழுப்புப் பெண்குதிரை ஒன்று அவள் தோளில் தாடையைச் சாய்த்திருந்தது. "தள்ளிப் போடி எருமை. வயசுக்கு ஏத்த மாதிரி நடந்துக்க" என்று அதைத் திட்டிக்கொண்டே சீவிவிட்டாள். அப்பா இருந்தபோது வீட்டில் கேட்ட குரல் அது. சேணத்தின் வார், கொக்கி, தலைக்கவசத்தின் தயாரிப்புத் தேதி எல்லாவற்றையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டேன்.

குதிரை நடக்க வேண்டுமென்றால் குதிகாலால் அதன் விலாவில் தட்ட வேண்டும். அம்மா தட்டினாள். உடனே குனிந்து, அதன் கழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கால் பட்டுவிட்டதல்லவா. கடிவாளம் தளர்ந்தது, குதிரை நின்றது. மறுபடி தட்டல், மறுபடி ஒற்றல். பதினோரு முறை எண்ணினேன்.

லாயத்தின் சொந்தக்காரி அலுத்துக்கொண்டாள். "கும்பிட வந்தாங்களா, ஓட்ட வந்தாங்களா?"

நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

"உதைச்சுட்டு சும்மா இருக்க முடியுமா? அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

மூன்றாம் வாரத்தில் உதை நின்றுபோனது. கழுத்தில் விரல் பட்டாலே குதிரை நடந்தது.

"உங்க அம்மா என் குதிரையக் கெடுத்துட்டாங்க. இப்ப வேற யாரு உதைச்சாலும் திரும்பி மொறைக்குது" என்றாள் சொந்தக்காரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அம்மா ஒன்பது வாரம் ஏறினாள். வேலியோரம் என்னைக் கடக்கும்போது கண்டுகொள்ளவே மாட்டாள். நேராகப் பார்த்து, உதட்டை இறுக்கிக்கொண்டு போவாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும்.

காரியங்கள் முடிந்த பிறகு, அவள் கைப்பையில், செருப்பு தைக்கும் ஒரு தமிழரின் கடைச் சீட்டு இருந்தது. போனேன். கால் நுழைக்கும் இரும்பு வளையத்தைச் சேணத்தோடு பிணைக்கும் தோல்வார்கள், இரண்டு. கடைசி ஓட்டையில் மாட்டினாலும் அவள் கால் வளையத்தை எட்டியதில்லை. இன்னும் மேலே ஒரு ஓட்டை வேண்டும் என்று கொடுத்திருக்கிறாள்.

"இன்னும் போடலையா?"

"எங்க போடணும்னு அந்தம்மா சொல்லலையே. குதிரை மேல உக்காந்து நூலால அளந்துட்டு, புதன்கிழமை கொண்டு வர்றேன்னாங்க" என்றார் கடைக்காரர். "அவங்களையே வரச் சொல்லுங்க. ஒரு விரல் தப்பினாலும் வார் வீண்."

வார்கள் ஆணியில் தொங்கின. அம்மாவின் இடுப்பிலிருந்து பாதம் வரை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியவில்லை. நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.