கரண்டு போனால் மரிம்பா

"மல்லிகா போயிட்டாளுங்க" என்று அவர் கணவர் சக்திவேல் போனில் சொன்னபோது, "எங்கே?" என்று கேட்டேன். முந்தின நாள் மாலைதான் மல்லிகாவும் நானும் எருமப்பட்டிக் கல்யாணக் கச்சேரிக்குப் பாட்டு வரிசை பேசி முடித்திருந்தோம். சக்திவேல் அழுவது கேட்ட பிறகும் எனக்கு விளங்கவில்லை. காலையில் பல் துலக்கப் போன மல்லிகா மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழவில்லை. நாற்பத்திரண்டு வயது. இதை எழுதும்போதும் 'வாசிக்கிறார்' என்றுதான் வருகிறது; அடித்துத் திருத்துகிறேன்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு, அவர் டிரம்ஸ். பதினாறு வருடம். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடம் இசை வகுப்பை மூடியபோது அங்கிருந்த மரிம்பாவை எங்களுக்குக் கொடுத்தார்கள். மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, அடியில் குழாய்கள் தொங்கவிட்ட பெரிய வாத்தியம். குச்சியால் தட்டி வாசிப்பதுதானே என்று அதை மல்லிகாவின் தலையில் கட்டினேன்.

ராசிபுரத்தில் முதல் மேடை. டிரம்ஸை அடிக்கிற வேகத்திலேயே அடித்தார். பாட்டின் நடுவில் ஒரு கட்டை பிளந்துபோனது. "இதென்னம்மா, விறகா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் குச்சிகளைக் கீழே வைத்தார். "எனக்கு அடிக்கத்தானுங்க தெரியும். கேக்கத் தெரியலீங்க."

மறுநாளே கணவரோடு வண்டி கொண்டுவந்து, மரிம்பாவைத் தன் ஊரான வெண்ணந்தூருக்கு ஏற்றிப் போனார்.

அவர் வீட்டில் நான்கு விசைத்தறிகள். ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. எப்போது பழகுகிறீர்கள் என்று கேட்டேன்.

"கரண்டு போறப்பங்ணா. ஊரே திட்டும், நான் மட்டும் மரிம்பாகிட்ட ஓடுவேன்."

தறியில் மிஞ்சிய நூலைக் குச்சித் தலையில் சுற்றி, எந்தச் சுற்று எப்படி ஒலிக்கிறது என்று பார்த்தார். தச்சரிடம் புதுக் கட்டை வாங்கி, அடிப்புறத்தைச் சிறிது சிறிதாக இழைத்துச் சுருதிக்குக் கொண்டுவந்தார். ஒரு மதியம் போன் செய்து, "அண்ணா, இதுக்குப் பலம் வேண்டாங்க. அடிச்ச கைய ஒடனே எடுக்கத் தெரிஞ்சாப் போதும்" என்றார். அன்று அவருக்கு மூச்சு வாங்கியது, சந்தோஷத்தில்.

போன மாதம் நாமக்கல் வரவேற்பில் முதன்முறையாகத் தனியாக வாசித்தார். பந்திக்கு எழுந்தவர்கள் சிலர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். இறங்கியவரிடம், "கொஞ்சம் நீளமாப் போச்சு" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமாங்ணா, நிறுத்த மனசு வரலீங்க."

ராசிபுரத்தில் கத்தியதற்கு அன்றாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

காரியம் முடிந்து கிளம்பும்போது சக்திவேல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மரிம்பாவ எங்கண்ணந்தான் சொல்லிக் குடுத்தாங்கன்னு உங்களப் பத்தி எல்லாருகிட்டயும் பெருமையாச் சொல்லுவாளுங்க." சுற்றி நின்ற உறவினர்கள் தலையசைத்தார்கள். நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, சொல்லிக்கொடுத்தவன் என்ற அந்தப் பெயர். அதற்கு நான் உரியவன் இல்லை. பிற குழுக்களிலிருந்து அவரோடு மேடையேறிய கலைஞர்களே, உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்: நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கத்தினேன். மல்லிகா தானாகக் கற்றுக்கொண்டார்.